பிஸ்டல் போட்டிக்குப் புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிஸ்டல் சுடுபவருக்கு ஒரு சங்கடம் உண்டு. குறிவைக்கும் நேரத்தில் கண், குழலின் நுனியில் இருக்கும் முன்குறியை விட்டு நகரக் கூடாது. ஆகவே தன் விரல் என்ன செய்கிறது, தோள் எங்கே ஏறுகிறது, மணிக்கட்டு எப்போது தளர்கிறது என்பதை அவரால் பார்க்கவே முடியாது. அதைப் பார்ப்பவர் பக்கத்தில் நிற்கும் இன்னொருவர். கீழே வரும் பதில்களில் உத்தியும் தோழமையும் அடிக்கடி ஒன்றோடொன்று கலந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

பெரும்பாலான பதில்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலையும் 25 மீட்டர் பிஸ்டலையும் பற்றியவை. ஓடி ஓடிச் சுடும் பிராக்டிகல் பிரிவுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. உரிமம், சட்டம் ஆகியவை நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அவற்றை இங்கே தொடவில்லை. உங்கள் சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பிரிவில் தொடங்குவது?

10 மீட்டர் ஏர் பிஸ்டலில். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. வெடிமருந்து இல்லை, காதைப் பிளக்கும் சத்தம் இல்லை, பின்னுதைப்பு பெயரளவுக்குத்தான். அதனால் அட்டையில் விழும் ஒவ்வொரு தவறும் உங்களுடையது என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும்.

விதிகளும் எளிமையானவை. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. பிஸ்டலின் எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. டிரிகர் விடுபடாமல் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். ஒரே கையால், எந்தத் தாங்கலும் இல்லாமல் சுட வேண்டும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். மின்னணு இலக்கில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம். அதற்கு முன் தயாரிப்புக்கும் சோதனைக் குண்டுகளுக்கும் சேர்த்து 15 நிமிடம்.

25 மீட்டருக்கு அவசரப்பட வேண்டாம். பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டலின் வேகச் சுற்றில் 3 விநாடிதான் சுடுவதற்கு. அடுத்த 7 விநாடி இடைவெளி. ஒவ்வொரு முறையும் தாழ்த்திய கையை உயர்த்தி ஒரே ஒரு குண்டு. ஆண்களுக்கான ரேபிட் ஃபயரில் ஐந்து இலக்குகளுக்கு ஐந்து குண்டு; முதலில் 8 விநாடியில், பிறகு 6 விநாடியில், கடைசியில் 4 விநாடியில். டிரிகரை அழுத்தத் தெரியாமல் அங்கே போனால் எதுவும் கற்க முடியாது, குண்டுகள்தான் தீரும்.

சொந்தமாகப் பிஸ்டல் வாங்கியே ஆக வேண்டுமா?

முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். சங்கத்துப் பிஸ்டலே போதும்.

வாங்கும் நாள் வரும்போது தயாரிப்பாளரின் பெயரைப் பார்ப்பதற்கு முன்பு பிடியைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்துங்கள். திறக்கும்போது முன்குறி, கண்ணுக்கு அருகே உள்ள பின்குறியின் பள்ளத்துக்கு நடுவில் நிற்க வேண்டும். இடமோ வலமோ ஒதுங்கியிருந்தால் பிடி உங்கள் கைக்குப் பொருந்தவில்லை என்று பொருள். மரப்பிடியை அரம் கொண்டு தேய்த்தும், மரப்பசை வைத்து மேடாக்கியும் சரிசெய்வது இந்த விளையாட்டில் அன்றாடம் நடப்பது. பல நல்ல சுடுநர்களின் பிடிகள் பார்க்கச் சகிக்காதவை. அதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை.

பழைய ஏர் பிஸ்டல் வாங்கினால், குண்டைத் தள்ளும் அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். பயன்பாட்டுக் காலம் முடிந்த உருளையோடு போட்டிக்குப் போனால் கருவிப் பரிசோதனை மேசையிலேயே உங்கள் நாள் முடிந்துவிடும். சங்கத்தில் மூத்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது இன்னும் நல்லது. இதைக் கேட்டால் பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள். பிறர் பணத்தில் துப்பாக்கி பார்ப்பது அவர்களுக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு.

என் கை ஆடிக்கொண்டே இருக்கிறது. எப்போது நிற்கும்?

நிற்காது. உலகக் கோப்பையில் சுடுபவரின் கையும் ஆடுகிறது; ஆடும் வட்டம் சிறியது, அவ்வளவுதான். புதியவர்கள் இந்த ஒரு விஷயத்தை ஏற்றுக்கொள்ளாமல்தான் மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். கை நடுவில் வந்து நிற்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து, வந்ததும் டிரிகரைச் சட்டென்று இழுக்கிறார்கள். அந்த இழுப்பில் எல்லாம் கெட்டுவிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். ஏர் பிஸ்டலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 10 மீட்டரில் இருக்கிறது. முன்குறி பள்ளத்துக்குள் அரை மில்லிமீட்டர் ஒதுங்கினால் இலக்கில் குண்டு சுமார் 15 மில்லிமீட்டர் தள்ளி விழும், அது ஒன்பது. ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால் சுமார் 30 மில்லிமீட்டர்; அது ஏழு. ஆனால் இரண்டு குறிகளும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தி நிற்க, கை முழுவதும் 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால்? இலக்கிலும் 5 மில்லிமீட்டர்தான் நகரும், அது பத்து.

ஆகவே கை மிதப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். குறிகளின் பொருத்தம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருவட்டத்தின் மையத்தைக் குறிவைப்பதை விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதியில் ஓர் இடத்தைத் தேர்ந்து, அந்தப் பகுதிக்குள் முன்குறி மிதக்க விடுவதே பெரும்பாலானோர் பின்பற்றும் முறை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு முன்குறியின் விளிம்பு தெளிவாகத் தெரியும். கருவட்டத்துக்குள் போனால் கறுப்பில் கறுப்பு கரைந்துபோகும்.

ஆட்டத்தைக் குறைக்கும் வழிகளும் உண்டு, ஆனால் அவை மெதுவானவை. முழங்கையும் மணிக்கட்டும் பூட்டியதுபோல் இருக்க வேண்டும். கால்கள் தோள் அகலத்துக்கு. சுடாத கை பையிலோ இடுப்புப் பட்டையிலோ அமைதியாக இருக்கட்டும். தொங்க விட்டால் அதுவும் ஊசலாடி உடலை ஆட்டும். கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறக்கும்போது பிஸ்டல் பக்கத்து இலக்கைப் பார்த்து நின்றால் கையைத் திருப்பாதீர்கள், பின்காலை நகர்த்துங்கள். கையால் திருப்பிய திசை களைப்பு வந்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

கண் எதைப் பார்க்க வேண்டும்?

முன்குறியின் மேல் விளிம்பை. இலக்கு மங்கலாகத் தெரிய வேண்டும். இலக்கு பளிச்சென்று தெரிகிறது என்றால் நீங்கள் தவறான பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சுடாத கண்ணை இறுக்கி மூடினால் முகத் தசை முழுவதும் விறைக்கும், அரை மணி நேரத்தில் வலி வரும். அதற்குப் பதில் அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு சிறு மறைப்பைத் தொங்கவிட்டு இரண்டு கண்களையும் திறந்து வையுங்கள். முன்மறைப்பின் அகலம் 30 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் கண் பரிசோதனைக்குப் போகும்போது, தங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டியது கை நீட்டிய தூரத்தில் இருக்கும் ஒரு குறி என்று சொல்லுங்கள். படிக்கும் கண்ணாடியும் தொலைவுக் கண்ணாடியும் இதற்கு உதவாது.

பாரிஸில் அந்தத் துருக்கியர் சிறப்புக் கருவி எதுவும் அணியாமல் வெள்ளி வென்றாரே?

யூசுஃப் டிகெச். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணி ஏர் பிஸ்டலில் ஷெவ்வால் இலைதா தர்ஹானோடு சேர்ந்து வென்ற வெள்ளி அது. ஒரு கை பையில், சாதாரணக் கண்ணாடி, சுடாத கண்ணுக்கு மறைப்பில்லை. படத்தைப் பார்த்தவர்கள் கருவி எதற்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர் இரண்டு கண்ணையும் திறந்து பல ஆண்டுகள் சுட்டுப் பழகியவர், 51 வயதில் அந்தப் பதக்கத்தை வென்றார் என்பதைப் படம் சொல்லவில்லை. மறைப்பு தேவையில்லாதவருக்கு அது தேவையில்லை. உங்களுக்குத் தேவையா என்பதை உங்கள் கண் சொல்லும்.

குண்டுகள் எல்லாம் இடப்பக்கம் கீழே போகின்றன. பின்குறியைத் திருகித் திருப்பட்டுமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். வலக்கையால் சுடுபவருக்கு இடப்பக்கக் கீழ் மூலை என்பது டிரிகரைப் பறிப்பதன் முகவரி. விரலோடு சேர்ந்து உள்ளங்கையும் இறுகுகிறது, மணிக்கட்டு கவிழ்கிறது, முன்குறி தாழ்ந்து இடப்பக்கம் போகிறது. குறியைத் திருப்பினால் நன்றாகச் சுடும் குண்டுகள் வலப்பக்கம் மேலே போகத் தொடங்கும். பிறகு எது தவறு, எது சரி என்றே தெரியாமல் போகும்.

டிரிகர் இரண்டு கட்டங்களாக இயங்கும். முதல் கட்டத்தைக் கை இறங்கும்போதே அழுத்தி முடித்துவிடுங்கள். குறிவைக்கும் பகுதிக்குள் வந்ததும் இரண்டாம் கட்டத்தில் அழுத்தம் சீராக ஏற வேண்டும். எந்தக் கணத்தில் வெடிக்கும் என்று உங்களுக்கே துல்லியமாகத் தெரியக் கூடாது. விரலின் முதல் கணுவின் நடுப்பகுதி டிரிகரில் நேராகப் படியட்டும்; விரலின் மற்ற பகுதி பிடியைத் தொடவே கூடாது.

இதைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழிக்கு இரண்டாவது ஆள் வேண்டும். நண்பர் பிஸ்டலை உங்களுக்குத் தெரியாமல் நிரப்பித் தருவார். சில நேரம் குண்டோடு, சில நேரம் குண்டில்லாமல். நீங்கள் சுடுங்கள். குண்டில்லாத முறை முன்குறி குபுக்கென்று தாழ்ந்தால் நோய் என்னவென்று இருவருக்கும் தெரிந்துவிடும். சிரிப்பும் வரும். குண்டு இருக்கிறதோ இல்லையோ, குழல் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

தனியாக இருந்தால் வெற்று வெள்ளைத் தாளில் சுடுங்கள். கருவட்டம் இல்லாதபோது கணம் பார்த்துப் பறிக்கும் ஆசையே எழாது. வட்டமே இல்லாத தாளில் குண்டுகள் வட்டமுள்ள அட்டையைவிட நெருக்கமாக விழுவதைப் பார்த்து வியக்காத புதியவர் அரிது.

எவ்வளவு நேரம் குறிவைத்துக்கொண்டிருக்கலாம்?

கை குறிவைக்கும் பகுதியில் வந்து அமர்ந்த பிறகு ஐந்து முதல் எட்டு விநாடிக்குள் குண்டு போய்விட வேண்டும். பத்து விநாடியைத் தாண்டினால் கண் களைக்கும், மூச்சுக்கு உடல் ஏங்கும், ஆட்டம் பெருகும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: கையை இறக்குங்கள்.

இறக்குவது ஒரு திறமை. 60 குண்டுக்கு 75 நிமிடம் என்றால் ஒரு குண்டுக்கு 75 விநாடி. மூன்று முறை கையை இறக்கினாலும் நேரம் போதும். ஆனால் ‘இவ்வளவு நேரம் பிடித்துவிட்டேனே, சுட்டுவிடலாம்’ என்ற எண்ணம் வரும். அந்த எண்ணத்தோடு சுட்ட குண்டுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். உங்கள் ஏழுகளும் எட்டுகளும் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

வீட்டில் குண்டில்லாமல் வெற்றுச் சுடுதல் பயிற்சி செய்யலாமா?

கட்டாயம். முன்னேற்றத்தின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. நல்ல ஏர் பிஸ்டல்களில் காற்றை வெளியேற்றாமல் டிரிகரை மட்டும் இயக்கும் வசதி இருக்கும். வெற்றுச் சுவரை நோக்கி நின்று, டிரிகர் விடுபடும் கணத்தில் முன்குறி அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். விடுபட்ட பிறகும் இரண்டு விநாடி கையை அப்படியே வைத்திருங்கள்.

குண்டுகள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பிஸ்டல் காலியா என்று கண்ணாலும் பார்க்க வேண்டும், தொட்டும் பார்க்க வேண்டும். யாராவது கதவைத் தட்டினால், தொலைபேசி ஒலித்தால், அன்றைய பயிற்சி முடிந்தது. அல்லது எல்லாப் பரிசோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். .22 பிஸ்டலில் போலித் தோட்டாவோ அதற்கென்றே அமைந்த வசதியோ இல்லாமல் வெற்றாகச் சுட்டால் தோட்டாவைத் தட்டும் சுடுமுனை, குழலில் தோட்டா அமரும் இடத்தின் விளிம்பில் மோதிப் பழுதாகலாம்.

ஒரு ஆறு விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லாமே குலைந்துவிடுகிறது. என்ன செய்வது?

2016 ரியோ ஒலிம்பிக், ஆண்கள் 50 மீட்டர் பிஸ்டல் இறுதிச் சுற்று. தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ ஒன்பதாவது குண்டில் 6.6 சுட்டார். வெளியேறும் ஆபத்துக்கு அருகே வந்தவர் அங்கிருந்து ஏறித் தங்கம் வென்றார். 2008, 2012, 2016 என்று அதே பிரிவில் தொடர்ந்து மூன்றாவது தங்கம். உலகின் மிகச் சிறந்த சுடுநருக்கே இறுதிச் சுற்றில் 6.6 வருகிறது. உங்களுக்கு வராமல் இருக்குமா?

நடைமுறையில் இதைச் செய்யுங்கள். பிஸ்டலை மேசையில் வையுங்கள். ஸ்கோர் காட்டும் திரையிலிருந்து கண்ணை எடுங்கள். என்ன நடந்தது என்று ஒரே ஒரு வாக்கியத்தில் மனத்துக்குள் சொல்லுங்கள்: ‘டிரிகரைப் பறித்தேன்’ அல்லது ‘நேரம் தாண்டிச் சுட்டேன்’. அடுத்து, செய்ய வேண்டியதை ஒரு வாக்கியத்தில்: ‘முன்குறி’. அவ்வளவுதான். இழந்த நான்கு புள்ளியை மீட்க வழியே இல்லை. பத்துக்கு மேல் தகுதிச் சுற்றில் புள்ளி கிடையாது. மீட்க முயல்பவர் அடுத்த குண்டையும் இழக்கிறார்.

திரையைப் பார்ப்பதைக் குறைப்பதும் உதவும். கூட்டிக் கூட்டிப் பார்ப்பது ஒரு கெட்ட பழக்கம். நாற்பதாவது குண்டில் ‘இன்னும் இத்தனை பத்து வந்தால் என் உச்ச ஸ்கோர்’ என்று கணக்குப் போட்டவர், அந்த நிமிடத்திலிருந்து சுடுவதை விட்டுவிட்டுக் கணக்கைச் சுடுகிறார்.

போட்டியில் இதயம் படபடக்கிறது. மாத்திரை ஏதாவது?

கூடவே கூடாது. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் துப்பாக்கி சுடுதலில் போட்டிக்காலத்திலும் அதற்கு வெளியிலும் தடைசெய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங்-சு புரோப்ரானலால் பயன்படுத்தியது தெரியவந்து, வெள்ளியையும் வெண்கலத்தையும் இழந்தார். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்பவர்கள் அது எந்த வகை என்பதை மருத்துவரிடமும் சங்கத்திடமும் போட்டிக்கு முன்பே பேசிவிட வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு.

படபடப்பு நோயல்ல. அதோடு சுடப் பழகுவதுதான் வழி, அதற்கும் நண்பர்கள் தேவை. பயிற்சியின் கடைசியில் இருவர் எதிரெதிராக ஒவ்வொரு குண்டாகச் சுட்டுப் பாருங்கள். தோற்பவர் அன்றைக்கு எல்லாருடைய இலக்குகளையும் துடைத்து எடுத்துவைக்க வேண்டும் என்று விதி வையுங்கள். மற்றவர்கள் பின்னால் நின்று பேசட்டும், சிரிக்கட்டும். உலகப் போட்டிகளின் இறுதிச் சுற்றில் இசை ஒலிக்கிறது, பார்வையாளர்கள் கை தட்டுகிறார்கள். நிசப்தத்தில் மட்டும் பழகியவர் அங்கே திகைத்துப்போவார்.

போட்டி நாளில் பையில் என்ன இருக்க வேண்டும்?

பிஸ்டல், அது காலி என்று காட்டக் குழலில் செருகும் பாதுகாப்புக் கொடி, நிரப்பிய இரண்டு காற்று உருளைகள், பழகிய அதே வகைக் குண்டுகள், குறியைத் திருப்பும் சிறு திருகாணி முடுக்கி, அறுகோணச் சாவிகள், காதடைப்பு, கண்ணாடி, துண்டு, தண்ணீர், பேனா, குறிப்பேடு. கணுக்கால் எலும்பை மூடும் காலணி பிஸ்டல் பிரிவில் அனுமதிக்கப்படுவதில்லை. சுடும் கையில் கைக்கடிகாரம், காப்பு எதுவும் வேண்டாம்.

புதிதாக வாங்கிய எதையும் அன்று முதன்முதலாகப் பயன்படுத்தாதீர்கள். குண்டு மாற்றம், பிடி மாற்றம், காலணி மாற்றம், எல்லாமே அடுத்த வாரத்துக்கு.

நடுவில் பிஸ்டல் பழுதானால்?

குழல் இலக்கை நோக்கியே இருக்கட்டும். சுடாத கையை உயர்த்தி ரேஞ்ச் அதிகாரியை அழையுங்கள். 25 மீட்டரில் இது மிக முக்கியம்: அதிகாரி வருவதற்கு முன் நீங்களே மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய உறை) கழற்றவோ ஸ்லைடை (பிஸ்டலின் மேலே நகரும் பகுதி) இழுக்கவோ செய்தால், மீண்டும் சுடும் உரிமை போய்விடக்கூடும்.

டோக்கியோ ஒலிம்பிக்கின் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுவே பழுதானது. சரிசெய்து திரும்புவதற்குள் நேரம் கரைந்தது. இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். அதே பிரிவில் 2024 பாரிஸில் வெண்கலம் வென்றார், சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொரு வெண்கலமும். உயர்ந்த கருவியும் பழுதாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. உங்கள் கருவியைக் கழற்றி மாட்டப் பயிற்சியின்போதே பழகிவையுங்கள்.

எதிரே போட்டியிடுபவருக்கு என் உருளையைக் கடன் கொடுக்கலாமா? தோற்றுவிட்டால்?

கொடுங்கள். அவர் காற்றில்லாமல் தோற்று நீங்கள் வென்றால் அந்த வெற்றியில் என்ன இருக்கிறது? இந்த விளையாட்டில் ஒருவர் மற்றவரின் குண்டைத் தடுக்க முடியாது. அவரவர் இலக்கு அவரவருக்கு. அதனாலோ என்னவோ, சுடுகோட்டில் பகைமை நீடிப்பது குறைவு.

ஹங்கேரியின் காரோலி தகாச் 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கையை இழந்தவர். யாருக்கும் சொல்லாமல் இடக்கையில் பழகி, 1948 லண்டன் ஒலிம்பிக்கின் ரேபிட் ஃபயர் பிரிவுக்கு வந்து நின்றார். அர்ஜென்டினாவின் உலகச் சாம்பியன் சாயென்ஸ் வாலியெந்தே அவரைப் பார்த்து, இங்கே எதற்கு வந்தீர்கள் என்று விசாரித்தாராம். கற்றுக்கொள்ள வந்தேன் என்றார் தகாச். தகாச் தங்கம் வென்றார், வாலியெந்தே வெள்ளி. போதுமான அளவு கற்றுவிட்டீர்கள் என்று தோற்றவர் வாழ்த்தியதாகச் சொல்வார்கள். 1952இலும் தகாச்சுக்கே தங்கம்.

2008 ஆகஸ்டில் ரஷ்யாவும் ஜார்ஜியாவும் போரிட்டுக்கொண்டிருந்த நாட்களில், பெய்ஜிங்கில் பெண்கள் ஏர் பிஸ்டல் மேடையில் ரஷ்யாவின் நதாலியா பதேரினாவும் ஜார்ஜியாவின் நினோ சலுக்வாட்சேவும் வெள்ளி, வெண்கலப் பதக்கங்களோடு ஒருவரையொருவர் தழுவி நின்றார்கள். இருவரும் ஒரே சுடுகோட்டில் ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். ஓர் உருளையைக் கடன் கொடுக்க இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

பக்கத்து லேனில் நிற்பவரிடம் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது?

அவர் பிஸ்டலை உயர்த்தியிருக்கும்போது எதுவும் பேசாதீர்கள், அசையாதீர்கள், குண்டுப் பெட்டியைச் சத்தமாக வைக்காதீர்கள். அவருடைய திரையைப் பார்த்து ‘அருமையாகப் போகிறதே’ என்று சொல்வது பாராட்டாகத் தோன்றும். அவருக்கு அது ஸ்கோரை நினைவூட்டும் வேலை. நடுவில் ஸ்கோர் பேசவே கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

பக்கத்து இலக்கில் தவறிச் சுட்டுவிட்டால் உடனே அதிகாரியிடம் சொல்லுங்கள், பிறகு பக்கத்துக்காரரிடம் மன்னிப்புக் கேளுங்கள். உங்களுக்கு அது பூஜ்யம். 2004 ஏதென்ஸில் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் ரைஃபிள் இறுதிச் சுற்றின் கடைசிக் குண்டை வேறொருவரின் இலக்கில் சுட்டு, கைக்கெட்டிய தங்கத்தை இழந்தார். ஒவ்வொரு குண்டுக்கும் முன் லேன் எண்ணைப் பார்ப்பது அவமானமல்ல.

சங்கத்தில் ஆளாளுக்கு ஓர் அறிவுரை சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

ஒருவர் பேச்சை. குறைந்தது ஒரு பருவத்துக்கு. ஒரே வாரத்தில் பிடியை இவர் சொன்னபடியும், நிலையை அவர் சொன்னபடியும், மூச்சை இன்னொருவர் சொன்னபடியும் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

கேட்கும் விதத்தையும் மாற்றுங்கள். ‘நான் எப்படிச் சுடுகிறேன்?’ என்று கேட்டால் அறிவுரை மழை பொழியும். ‘அடுத்த பத்துக் குண்டுக்கு என் தோளை மட்டும் பாருங்கள், குண்டு போகும் முன் ஏறுகிறதா?’ என்று கேட்டால் பயன்படும் பதில் வரும். பார்ப்பவர் உங்களைவிடச் சிறந்த சுடுநராக இருக்க வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். நேற்று வந்த பையனிடம் என் மணிக்கட்டைப் பார்க்கச் சொல்லி எனக்குக் கிடைத்த விடைகள் சில பயிற்சியாளர்களிடம் கிடைத்ததில்லை.

கேட்காதவருக்கு அறிவுரை சொல்லாதீர்கள். ஒரே விதிவிலக்கு பாதுகாப்பு. குழல் தவறான திசையில் திரும்பினால், விரல் நேரங்கெட்டு டிரிகரில் இருந்தால், அவர் மூத்தவராக இருந்தாலும், சங்கத் தலைவராக இருந்தாலும் அந்த நொடியே குரல் கொடுங்கள். ‘நிறுத்து’ என்று யார் சொன்னாலும் எல்லாரும் நிறுத்த வேண்டும். காரணம் கேட்பது அதற்குப் பிறகு.

பிராக்டிகல் பிரிவில் குழுவாகச் சுற்றுகிறார்களே, அது எப்படி?

1976இல் தொடங்கிய சர்வதேசப் பிராக்டிகல் சுடுதல் கூட்டமைப்பின் முறையில் போட்டியாளர்கள் குழுக்களாகப் பிரிந்து ஒவ்வொரு களமாகச் செல்வார்கள். ஒவ்வொருவராகச் சுட வேண்டும். பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்து மதிப்பு வரும். துல்லியம் மட்டும் இருந்தால் தோற்பீர்கள், வேகம் மட்டும் இருந்தாலும் தோற்பீர்கள்.

தோழமை இங்கே கண்ணுக்குத் தெரியும் வேலையாகவே இருக்கிறது. ஒருவர் சுட்டு முடித்து, பிஸ்டலைக் காலியாக்கிக் காட்டி உறையில் வைத்து, களம் பாதுகாப்பானது என்று அதிகாரி அறிவித்ததும் மற்றவர்கள் இறங்கி அட்டைகளின் துளைகளை ஒட்டுத்தாளால் மூடுவார்கள், விழுந்த இரும்புத் தட்டுகளை நிமிர்த்துவார்கள். அடுத்துச் சுடப்போகிறவருக்கும் இப்போதுதான் சுட்டு முடித்தவருக்கும் மட்டும் விலக்கு. வேலையின்போது நிழலில் ஒதுங்கிக் கைபேசி பார்ப்பவரை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள், சொல்ல மாட்டார்கள்.

அதிகாரி மதிப்பெண் சொல்வதற்கு முன் அட்டையில் ஒட்டிவிடாதீர்கள். புதியவர்கள் உற்சாகத்தில் செய்யும் தவறு இது. மறு சுடுதல் வரை போய்விடும். களத்தைச் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் அனுபவசாலியின் பின்னால் நடந்து, அவர் எந்த இடத்தில் மேகசின் மாற்றத் திட்டமிடுகிறார் என்று கவனியுங்கள். கேட்டால் சொல்லவும் செய்வார். ஆனால் அவர் திட்டம் அவர் கால்களுக்கானது.

குழல் அனுமதித்த கோணத்தைத் தாண்டித் திரும்பினாலோ, நகரும்போது விரல் டிரிகர் வளையத்துக்குள் இருந்தாலோ போட்டி முழுவதிலிருந்தும் நீக்கம். நண்பருக்கு அப்படி நேர்ந்தால் அதிகாரியோடு சண்டைக்குப் போகாதீர்கள். நீக்கப்பட்டவரும் மீதி நாள் முழுவதும் குழுவோடு இருந்து அட்டை ஒட்டினால், அவரைப் பற்றி மற்றவர்கள் நினைப்பது உயரும். அப்படி இருப்பவர்கள் நிறையப் பேர்.

வயதாகிவிட்டது. இனி வரலாமா?

மேலே சொன்ன நினோ சலுக்வாட்சே 1988இலிருந்து 2024 வரை பத்து ஒலிம்பிக்குகளில் பங்கேற்றவர். 2016இல் தன் மகன் சோத்னே மச்சவரியானியோடு சேர்ந்து ரியோவில் சுட்டார். வாருங்கள்.

முடிந்ததும் கிளம்பலாமா?

பிஸ்டலைக் காலியாக்கி, கொடியைச் செருகி, அதிகாரியிடம் காட்டிய பிறகு. உங்கள் லேனில் சிதறிய குண்டுகளைப் பொறுக்குங்கள். ஸ்கோரில் சந்தேகம் இருந்தால் முறையீட்டுக்கான நேரம் மிகக் குறைவு என்பதால் உடனே கேளுங்கள். இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறாதவர்களும் இருந்து பார்ப்பது வழக்கம். உங்கள் சங்கத்துக்காரர் யாராவது அங்கே நின்றால் கண்டிப்பாக இருங்கள். குண்டுகள் ஈயத்தால் ஆனவை, ஆகவே எதையும் தின்பதற்கு முன் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள்.